வெடித்தது எது? தண்டவாளத்து மண் சொல்லும் சாட்சி! - தடயம் பேசும்

2010-ம் ஆண்டு ஜூன் 12-ம் தேதி. விடிவதற்கு இன்னும் சில மணி நேரம் இருந்தது. விழுப்புரம் - திண்டிவனம் ரயில் பாதையில், முண்டியம்பாக்கத்துக்கும் பேரணிக்கும் நடுவே சித்தணி கிராமத்துப் பக்கம் ஒரு பெரிய சத்தம். தண்டவாளத்தில் சுமார் 3 அடி நீளத்துக்குத் துண்டு பெயர்ந்து போயிருந்தது. அந்த வழியாகத்தான் திருச்சியிலிருந்து சென்னைக்கு மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் வந்துகொண்டிருந்தது. முன்னால் போன ரயிலிலிருந்து கிடைத்த எச்சரிக்கையால், ரயில் அந்த இடத்தைத் தொடுவதற்கு முன்பே நிறுத்தப்பட்டது. தூக்கத்தில் இருந்த பயணிகள் பலருக்குத் தாங்கள் எதிலிருந்து தப்பினோம் என்பதே பொழுது விடிந்த பிறகுதான் தெரிந்திருக்கும்.

இந்த ரயிலின் பெயரைக் கேட்டதும் பெரியவர்களுக்கு இன்னொரு இரவு ஞாபகம் வந்திருக்கலாம். 1987 மார்ச் 15. அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலம் குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டது. அன்று அந்தப் பாலத்துக்கு வந்ததும் இதே மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ்தான். அன்று எச்சரிக்கை கொடுக்க யாரும் இல்லை. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள்.

சித்தணியில் வெடித்த இடத்துக்குப் பக்கத்தில் சில துண்டுப் பிரசுரங்கள் கிடந்தன. அப்போது இந்தியா வந்திருந்த இலங்கை அதிபர் மகிந்த ராஜபக்சேவின் பயணத்தைக் கண்டித்து எழுதப்பட்டவை அவை. அன்றைய செய்திகளில் அதிகம் பேசப்பட்டது அந்தக் காகிதங்கள்தான். ஆனால், ஒரு துண்டுப் பிரசுரத்தை யார் வேண்டுமானாலும் எழுதி, யார் பெயரை வேண்டுமானாலும் போட்டு வீசிவிட்டுப் போகலாம். வெடித்த இடத்து மண்ணில் அப்படி இஷ்டத்துக்கு எழுத முடியாது. இதுபோன்ற இடங்களுக்கு வரும் தடய அறிவியல் நிபுணர்கள் குனிந்து அந்த மண்ணை அள்ளுவது அதனால்தான். அவர்களுடைய முதல் கேள்வி ‘யார் வைத்தது?’ அல்ல. ‘வெடித்தது எது?’

கிணற்றுத் தோட்டா

இந்தக் கேள்விக்கு விழுப்புரம் வட்டாரத்தில் பதில் கண்டுபிடிப்பது கொஞ்சம் சிக்கலான வேலை. காரணம், இந்த மண்ணின் அமைப்பு.

சித்தணியிலிருந்து அதிக தூரமில்லை பனமலை. பல்லவ மன்னன் ராஜசிம்மன் குன்றின் மேல் கட்டிய தாளகிரீஸ்வரர் கோயிலும், அங்கே சுவரில் மிஞ்சியிருக்கும் அம்மன் ஓவியமும்தான் வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்த பனமலை. உள்ளூர்க்காரர்களுக்கு இது பாறையும் ஏரியும் வயலும் கலந்த பூமி. இப்படிப்பட்ட இடங்களில் கிணறு தோண்டினால், கொஞ்ச ஆழத்திலேயே கடப்பாரை ‘ணங்’ என்று பாறையில் இடிக்கும். அதற்கு மேல் வெடி வைத்தால்தான் வேலை நகரும். தோட்டா, கேப்பு, திரி என்பதெல்லாம் கிணற்று வேலை பார்த்தவர்களுக்குப் பழகிய வார்த்தைகள். மாவட்டத்தின் திருவக்கரை, வானூர் பக்கம் கல் குவாரிகள் இருக்கின்றன. அங்கேயும் அதே சரக்குதான்.

அதாவது, வெடிமருந்து என்பது இங்கே சினிமாவில் மட்டும் பார்க்கிற பொருள் இல்லை. லைசென்ஸோடு வாங்கி, விற்று, வண்டியில் ஏற்றிப் போகிற ஒரு வியாபாரப் பொருள். அந்த வியாபாரம் எவ்வளவு ஆபத்தானது என்பதை 2007 ஏப்ரல் 7-ம் தேதி திண்டிவனம் அருகே செண்டூர் கிராமம் பார்த்தது. வெடிபொருள் ஏற்றி வந்த ஒரு ஜீப் வெடித்துச் சிதறியதில் குறைந்தது 15 பேர் உயிரிழந்தார்கள். அங்கே எந்த இயக்கமும் குண்டு வைக்கவில்லை. துண்டுப் பிரசுரமும் கிடையாது. பாறை உடைக்கிற சரக்குதான் அத்தனை பேரைக் கொன்றது.

யோசித்துப் பாருங்கள். கிணற்றில் வெடிப்பதும், குவாரியில் வெடிப்பதும், ஜீப்பில் வெடித்ததும் ஒரே வகை மருந்தாக இருக்கலாம். களவு போன தோட்டா ஒன்று தண்டவாளத்தில் வெடித்தாலும், லேப் அறிக்கையில் வரும் ரசாயனப் பெயர் அதேதான். அந்த மருந்துக்குத் தன்னை வைத்தவனின் நோக்கம் தெரியாது.

பெயர் மட்டும் ஜெலட்டின்!

இங்கே ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். ‘ஜெலட்டின் குச்சிகள் பறிமுதல்’ என்று வாரத்துக்கு ஒரு செய்தியாவது படிக்கிறோம். ஆல்ஃபிரட் நோபல் 1867-ல் டைனமைட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். அதன் பிறகு 1875-ல் அவர் உருவாக்கியதுதான் அசல் ஜெலட்டின். அதன் உயிர் நைட்ரோகிளிசரின் என்கிற திரவம். தொட்டால் தலைவலி, தட்டினால் ஆபத்து என்கிற ரகம்.

நைட்ரோகிளிசரின் கலந்த இந்த வெடிமருந்துகளை இந்தியா 2004 ஏப்ரல் 1 முதல் தடைசெய்துவிட்டது. அதற்குப் பிறகு குவாரிகளுக்கு வருவது பெரும்பாலும் அம்மோனியம் நைட்ரேட்டை அடிப்படையாகக் கொண்ட, குழம்பு போன்ற ‘ஸ்லரி’, ‘எமல்ஷன்’ வகைகள். பிளாஸ்டிக் உறையில், பார்ப்பதற்குக் கொழுக்கட்டைக்குப் பிசைந்த மாவை உருட்டி வைத்தது மாதிரி இருக்கும். மருந்து மாறிவிட்டது. பேச்சு வழக்கில் பெயர் மட்டும் ‘ஜெலட்டின்’ என்றே நின்றுவிட்டது. போலீஸ் குறிப்பிலும் அதே பெயர், செய்தியிலும் அதே பெயர்.

ஆய்வகத்தில் இருப்பவருக்கு இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம். 2004-க்குப் பிறகு நடந்த ஒரு வெடிப்பில் நைட்ரோகிளிசரின் தடயம் கிடைத்தால், அடுத்த கேள்வி உடனே எழும். பழைய இருப்பா, வெளியிலிருந்து வந்ததா, துப்பாக்கித் தோட்டாவில் இருக்கும் மருந்தா? அம்மோனியம் நைட்ரேட் மட்டும் கிடைத்தால் வேறு விதமான தலைவலி. அது என்ன என்று பார்க்க மறுபடியும் தண்டவாளத்துக்கே போக வேண்டும்.

வெடிக்காமல் மிஞ்சியது

குண்டு வெடித்தால் எல்லாம் எரிந்து சாம்பலாகிவிடும் என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். எந்த வெடிமருந்தும் நூற்றுக்கு நூறு வெடித்துத் தீர்வதில்லை. கண்ணுக்குத் தெரியாத துகள்கள் கொஞ்சம் வெடிக்காமல் தப்பித்து, பக்கத்தில் இருக்கும் மண்ணிலும் இரும்பிலும் துணியிலும் போய் ஒட்டிக்கொள்ளும். நிபுணர்கள் தேடுவது அந்தத் தப்பிப் பிழைத்த துகள்களைத்தான்.

முதலில் பள்ளத்தைப் பார்ப்பார்கள். பள்ளத்தின் ஆழமும் அகலமும், இரும்பு எப்படிக் கிழிந்திருக்கிறது என்பதும் வெடியின் வேகத்தைப் பற்றி ஒரு குறிப்பு கொடுக்கும். நாட்டு வெடியில் இருக்கும் கரிமருந்து வேகமாக எரிந்து, அடைபட்ட வாயுவால் உறையைக் கிழிக்கும். டி.என்.டி போன்றவை வெடிக்கும் விதமே வேறு. அதிர்வலை நொடிக்குச் சுமார் 7,000 மீட்டர் வேகத்தில் மருந்துக்குள் பாயும். விழுப்புரத்திலிருந்து விக்கிரவாண்டிக்கு இரண்டு நொடி என்று வைத்துக்கொள்ளலாம். அந்த வேகத்தில் இரும்பு வளைவதில்லை, நொறுங்குகிறது.

அப்புறம் மண். பள்ளத்தின் அடியிலிருந்தும் ஓரத்திலிருந்தும் தனித்தனியாக எடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் புதுக் கையுறை. கருவிகளைத் துடைத்த பஞ்சையும் கூட ஒரு மாதிரியாகச் சேர்க்க வேண்டும். அந்தப் பஞ்சிலேயே மருந்து இருந்தால், கோளாறு மண்ணில் இல்லை, எடுத்தவர் கையில்தான் என்று தெரிந்துவிடும்.

இத்தனையையும் விட முக்கியமான பொட்டலம் ஒன்று உண்டு. வெடித்த இடத்திலிருந்து தள்ளி, வெடிக்கே சம்பந்தமில்லாத இடத்திலிருந்து எடுக்கும் மண். ‘கன்ட்ரோல்’ என்பார்கள். பேரணிப் பக்கத்துத் தண்டவாளம் போன்ற இடங்களில் இது எவ்வளவு அவசியம் என்பதைப் புரிந்துகொள்ள வேதியியல் பட்டம் தேவையில்லை. ரயில் பாதையின் இரண்டு பக்கமும் வயல். வயலில் யூரியா. யூரியா மண்ணில் கரைந்து அம்மோனியமாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாறும். போதாக்குறைக்கு, அந்தக் காலத்து ரயில் கழிவறைகள் எல்லாம் நேராகத் தண்டவாளத்தில்தான் திறந்தன. சிறுநீரிலும் யூரியா உண்டு. ஆக, வெடியே வெடிக்காத ஒரு சாதாரண நாளில் அந்த மண்ணை அள்ளி ஆய்வகத்துக்கு அனுப்பினாலும் அம்மோனியமும் நைட்ரேட்டும் இருக்கும்!

‘மண்ணில் நைட்ரேட் இருந்தது’ என்கிற ஒற்றை வரி அதனால்தான் ஒன்றுமே சொல்வதில்லை. பள்ளத்தில் எவ்வளவு, 50 மீட்டர் தள்ளி எவ்வளவு? இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சாட்சி.

நேரமும் எதிரிதான். அம்மோனியம் நைட்ரேட் தண்ணீரில் உப்பு மாதிரி கரைந்துவிடும். ஒரு மழை பெய்தால், அல்லது தீயணைப்பு வண்டி தண்ணீர் அடித்தால், தடயத்தில் பெரும் பகுதி ஓடிப் போய்விடும். உயிரைக் காப்பாற்ற அடிக்கிற தண்ணீரை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் வேடிக்கை பார்க்க வந்து பள்ளத்துக்குள் இறங்கி செல்போனில் வீடியோ எடுப்பவர்களை என்ன சொல்வது? செருப்பில் ஒட்டி வந்த வயல் மண்ணைக் கொண்டு வந்து கொட்டிவிட்டு, இருந்த தடயத்தை அதே செருப்பில் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

பிசுக்கைப் பிரிக்கும் வித்தை

ஆய்வகத்துக்கு வந்த மண்ணை முதலில் இரண்டு விதமாகக் கழுவுவார்கள். நகப்பூச்சைத் துடைக்கப் பயன்படும் அசிட்டோனில் ஒரு கழுவல். அதில் டி.என்.டி, ஆர்.டி.எக்ஸ், நைட்ரோகிளிசரின் போன்ற கரிமச் சேர்மங்கள் கரைந்து வரும். தண்ணீரில் ஒரு கழுவல். அதில் நைட்ரேட், குளோரேட், அம்மோனியம், பொட்டாசியம் போன்ற உப்புகள் வரும். பட்டாசு, நாட்டு வெடி போன்றவற்றின் அடையாளம் பெரும்பாலும் இந்தத் தண்ணீரில்தான் இருக்கும்.

அடுத்தது, கலந்து கிடப்பதைத் தனித்தனியாகப் பிரிப்பது. பள்ளிக்கூடத்தில் சாக்பீஸின் அடியில் மைப்புள்ளி வைத்து, தண்ணீரில் நிறுத்திய ஞாபகம் இருக்கிறதா? தண்ணீர் மேலே ஏற ஏற, கறுப்பு மை நீலம், சிவப்பு, மஞ்சள் என்று பிரிந்து நிற்கும். குரோமடோகிராபி என்பது அதுவேதான். சிலிக்கா பூசிய கண்ணாடித் தகட்டில் மண்ணின் சாற்றைப் புள்ளியாக வைத்து, கரைப்பானில் நிறுத்துவார்கள். பக்கத்திலேயே ‘இதுதான் ஆர்.டி.எக்ஸ்’, ‘இதுதான் டி.என்.டி’ என்று உறுதியான மாதிரிகளும் புள்ளி வைக்கப்படும். எது எவ்வளவு உயரம் ஏறி நிற்கிறது என்பதை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

அதோடு விட்டுவிட்டால் ஆபத்து. ஒரே உயரத்துக்கு ஏறும் வேறு பொருட்களும் இருக்கலாம். அதனால் இன்னொரு முறையில் உறுதிசெய்ய வேண்டும். மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் ஒரு மூலக்கூறை உடைத்து, துண்டுகளின் எடையைப் பார்க்கும். ஒவ்வொரு பொருளும் உடையும் விதம் ஏறக்குறைய அதன் கைரேகை மாதிரி. அகச்சிவப்புக் கதிர் வைத்துப் பார்க்கும் கருவி உண்டு. உப்புகளுக்கென்றே அயனி குரோமடோகிராபி உண்டு. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு முறைகளாவது ஒரே பெயரைச் சொன்னால்தான் அறிக்கையில் அந்தப் பெயரை எழுதலாம்.

‘எதற்கு இவ்வளவு இழுவை? ஒரு சொட்டு மருந்து விட்டு நிறம் மாறுகிறதா என்று பார்த்தால் போதாதா?’ என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அப்படிப் பார்த்த ஒரு வழக்கு இங்கிலாந்தில் நடந்தது.

சீட்டுக்கட்டு செய்த சதி

1974 நவம்பர் 21. பர்மிங்ஹாம் நகரில் இரண்டு மதுக்கூடங்களில் குண்டு வெடித்து 21 பேர் இறந்தார்கள். ஐரிஷ் குடியரசுப் படையின் வேலை என்று நாடே கொதித்தது. அன்று மாலை பர்மிங்ஹாமிலிருந்து ரயிலேறிய ஐரிஷ்காரர்கள் சிலர், வடஅயர்லாந்துக்குக் கப்பல் ஏறப்போன இடத்தில் பிடிபட்டார்கள். ஒரு சாவு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள். ரயிலில் பொழுது போகச் சீட்டு ஆடியிருந்தார்கள். கடைசியில் வழக்கு ஆறு பேர் மேல் பாய்ந்தது.

பிடிபட்டவர்களின் கைகளைத் துடைத்து எடுத்த பஞ்சில் ‘கிரீஸ் சோதனை’ செய்தார் ஓர் அரசு விஞ்ஞானி. பீட்டர் கிரீஸ் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் 19-ம் நூற்றாண்டில் கண்டுபிடித்த முறை அது. மனிதர் ஒரு பீர் ஆலையில் வேலை பார்த்தவர். நைட்ரைட் இருந்தால் இளஞ்சிவப்பு நிறம் வரும். இருவரின் கைகளில் நிறம் வந்தது. நைட்ரோகிளிசரினைத் தொட்டவர்கள் என்று தனக்கு ஏறக்குறைய உறுதியாகத் தெரியும் என நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார் அந்த விஞ்ஞானி. போலீஸ் அடித்து வாங்கியதாகச் சொல்லப்பட்ட வாக்குமூலங்களும் சேர்ந்துகொள்ள, 1975-ல் ஆறு பேருக்கும் ஆயுள் தண்டனை.

பத்து வருடம் கழித்து ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக வேறு விஞ்ஞானிகள் அதே சோதனையைச் செய்து பார்த்தார்கள். சீட்டுக்கட்டின் பளபளப்புக்குப் பூசும் நைட்ரோசெல்லுலோஸிலும் அதே நிறம் வந்தது! ஆறு பேரும் 1991 மார்ச் 14 அன்று விடுதலையானார்கள். பதினாறு வருடச் சிறைவாசத்துக்குப் பிறகு.

நம் வீட்டிலேயே இப்படி ஏமாற்றும் பொருட்கள் இருக்கின்றன. தாத்தாவின் சட்டைப் பையில் நெஞ்சு வலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை இருக்கிறதா? அதில் இருப்பது நைட்ரோகிளிசரின் அல்லது அதன் சொந்தக்கார மருந்துதான். (நோபலுக்கே கடைசிக் காலத்தில் டாக்டர்கள் எழுதிக்கொடுத்த மருந்து நைட்ரோகிளிசரின்!) யூரியா மூட்டை பிரித்த விவசாயியின் கை, தீபாவளிக்கு மறுநாள் சிறுவனின் கை, கிணற்று வேலை முடித்து வந்தவரின் வேட்டி என எல்லாவற்றிலும் ஏதோ ஒன்று இருக்கும். நிறச் சோதனை ‘மேலே பார்’ என்று கை காட்டும். தீர்ப்பு சொல்லும் தகுதி அதற்கு இல்லை.

கருவி எவ்வளவு நவீனமாக இருந்தாலும் இந்த ஆபத்து போய்விடாது. 1996-ல் இங்கிலாந்தின் அரசு வெடிபொருள் ஆய்வகத்தில், மாதிரிகளைச் சுழற்றப் பயன்படுத்திய ஓர் இயந்திரத்திலேயே ஆர்.டி.எக்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. அதனால் எந்தெந்த வழக்குகள் பாதிக்கப்பட்டிருக்கும் என்று ஆராயத் தனியாக ஒரு விசாரணையே நடந்தது.

ஸ்ரீபெரும்புதூர் சொன்னது என்ன?

பர்மிங்ஹாம் ஆறு பேர் வெளியே வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. 1991 மே 21 இரவு, ஸ்ரீபெரும்புதூரில் முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். தனு, புகைப்படக்காரர் ஹரிபாபு உட்பட மொத்தம் 18 உயிர்கள் போயின. தமிழ்நாட்டின் தடய அறிவியல் துறை உலகத்தின் முன்னால் பரீட்சை எழுதிய இரவு அது.

அப்போது துறையின் இயக்குநராக இருந்தவர் பி.சந்திரசேகரன். மைதானத்தில் சிதறிக் கிடந்தவற்றை அவருடைய குழு சலித்து எடுத்தது. துணித் துண்டுகள், ஒயர், பேட்டரியின் மிச்சம், சின்னச் சின்ன இரும்புக் குண்டுமணிகள். ஒரு பெண் உடலோடு கட்டிக்கொண்டு வந்த பெல்ட் வெடிகுண்டு என்கிற முடிவுக்கு அவர்கள் வந்தது இந்தக் குப்பையிலிருந்துதான். ரசாயனப் பரிசோதனையில் வந்த பெயர் ஆர்.டி.எக்ஸ்.

1890-களின் இறுதியில் ஹென்னிங் என்ற ஜெர்மானியர் மருந்தாகப் பயன்படும் என்று நினைத்துக் காப்புரிமை வாங்கிய பொருள் அது. இரண்டாம் உலகப் போரில் குண்டுகளுக்குள் போய்ச் சேர்ந்தது. டி.என்.டி-யை விட வேகம் அதிகம், நொடிக்குச் சுமார் 8,700 மீட்டர். கிணறு வெட்டுபவரிடமோ குவாரிக்காரரிடமோ சாதாரணமாக இருக்கிற பொருள் இல்லை. ராணுவச் சரக்கு. அந்த மூன்றெழுத்து உறுதியான உடனேயே, தேட வேண்டிய ஆட்களின் வட்டம் சட்டென்று சுருங்கிவிட்டது. சித்தணி மாதிரி இடங்களில் குவாரிச் சரக்கு வெடித்தால் இந்த வசதி கிடைக்காது. மாவட்டத்தின் ஒவ்வொரு லைசென்ஸ் புத்தகத்தையும் புரட்ட வேண்டியிருக்கும்.

ஆனால் அதே வழக்குதான் ரசாயனத்தின் எல்லையையும் காட்டியது. குண்டுக்கு மின்சாரம் கொடுத்தது 9 வோல்ட் பேட்டரி என்றார்கள் நிபுணர்கள். இரண்டு 9 வோல்ட் பேட்டரிகளை வாங்கிக் கொடுத்தார் என்பது பேரறிவாளன் மீதான குற்றச்சாட்டுகளில் முக்கியமானது. கைதாகும்போது அவருக்கு வயது 19. கீழ் நீதிமன்றம் விதித்த தூக்குத் தண்டனையை 1999-ல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அவருடைய வாக்குமூலத்தைப் பதிவுசெய்த சி.பி.ஐ அதிகாரி தியாகராஜன், பேட்டரி எதற்காக வாங்கப்படுகிறது என்று தனக்குத் தெரியாது என்றே பேரறிவாளன் சொன்னதாகவும், அதைத் தான் எழுதாமல் விட்டுவிட்டதாகவும் 2013-ல் வெளிப்படையாகச் சொன்னார். 2014-ல் தூக்கு ஆயுளாகக் குறைந்தது. 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் பேரறிவாளனை விடுவித்தது.

பேட்டரியின் மிச்சத்தை வைத்து அது எத்தனை வோல்ட் என்று ஆய்வகம் சொல்லலாம். பெட்டிக்கடைக்காரரிடம் அதை வாங்கியவரின் மனதில் என்ன இருந்தது என்பதை எந்தக் குரோமடோகிராபியும் பிரித்துக் காட்டாது. 31 வருடம் நடந்த வாதம் அந்த இடத்தைச் சுற்றித்தான்.

சிலிண்டரா, குண்டா?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. சில நேரம், நடந்தது குற்றமா விபத்தா என்பதையே ரசாயனம்தான் முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது. 2022 அக்டோபர் 23 அதிகாலை, கோவை உக்கடத்தில் கோட்டை ஈஸ்வரன் கோயில் முன்பு ஒரு கார் வெடித்தது. ‘கேஸ் சிலிண்டர் விபத்து’ என்றுதான் முதலில் பேச்சு. அந்த இடத்தில் ஆணிகளும் கோலிக்குண்டுகளும் கிடந்தன. காரில் இறந்தவரின் வீட்டில் 75 கிலோ அளவுக்கு ரசாயனங்கள் கைப்பற்றப்பட, சில நாள்களில் வழக்கு தேசியப் புலனாய்வு முகமைக்குப் போனது.

சமையல் எரிவாயு மட்டும் வெடித்தால் சுவர் வெளியே தள்ளும், ஜன்னல் பறக்கும். ஒரு புள்ளியில் ஆழமான பள்ளம் பொதுவாக விழாது, மண்ணில் நைட்ரேட்டோ கந்தகமோ குவியாது. பட்டாசு ஆலை, நாட்டு வெடிக் கிடங்கு, வீட்டு சிலிண்டர் என்று எங்கே வெடித்தாலும் இந்த வேறுபாட்டைப் பார்த்துத்தான் இறந்தவரின் குடும்பத்துக்கு நஷ்டஈடா, மிஞ்சியவர் மேல் வழக்கா என்பது நகரும்.

விழுப்புரத்திலேயே ஆய்வகம்

சென்னை மாகாணத்தில் 1849-ல் ஒரு ரசாயனப் பரிசோதகர் அலுவலகமாகத் தொடங்கிய மரபு இது. அப்போது பெரும்பாலும் விஷ வழக்குகள்தான். இன்று தமிழ்நாடு தடய அறிவியல் துறைக்குச் சென்னையில் தலைமை ஆய்வகமும், பல மாவட்டங்களில் வட்டார ஆய்வகங்களும் இருக்கின்றன. விழுப்புரத்திலும் ஒன்று உண்டு.

சட்டமும் கொஞ்சம் மாறியிருக்கிறது. 2012-ல் அம்மோனியம் நைட்ரேட்டுக்கென்றே தனி விதிகள் வந்தன. வாங்குவது, விற்பது, வைத்திருப்பது எல்லாவற்றுக்கும் லைசென்ஸ். எட்டு வருடம் கழித்து, பெய்ரூட் துறைமுகத்தில் 2,750 டன் வெடித்துச் சிதறிய 2020 ஆகஸ்டில், சென்னை மணலியில் சுமார் 700 டன் அம்மோனியம் நைட்ரேட் வருடக் கணக்கில் கிடப்பது தெரிந்து, அவசர அவசரமாக அப்புறப்படுத்தினார்கள். விதி இருக்கிறது என்பதும் விதிப்படி நடக்கிறது என்பதும் வேறு வேறு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை.

2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ், ஏழு வருடமோ அதற்கு மேலோ தண்டனை கிடைக்கக்கூடிய குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் நேரில் போய்த் தடயம் சேகரிக்க வேண்டும் என்கிறது. அதை வீடியோவாகவும் பதிவு செய்ய வேண்டும். மாநிலங்கள் இதற்குத் தயாராக ஐந்து வருட அவகாசம் கொடுக்கப்பட்டிருக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் நள்ளிரவில் ஒரு கிராமத்தில் வெடித்தால், நிபுணர் வந்து சேரும் வரை அந்த இடத்தில் நிற்பது உள்ளூர் ஸ்டேஷன் காவலரும் ஊர்க்காரர்களும்தான். அடிபட்டவர்களை வெளியே தூக்கிய பிறகு, கயிறு கட்டி ஆட்களை வெளியே நிறுத்துவதும், கிடக்கும் ஒயர் துண்டை ‘இதோ பாருங்க சார்’ என்று கையில் எடுத்து வந்து கொடுக்காமல் இருப்பதும் அவர்கள் கையில் இருக்கிறது. ஒயர் துண்டாகத் தெரிவது வெடிக்காத கேப்பாகக்கூட இருக்கலாம். எடுத்தவரின் விரல்கள் போய்விடும்.

இத்தனையும் சரியாக நடந்து, அறிக்கை நீதிமன்றத்துக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். கூண்டில் ஏறும் நிபுணரிடம் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கேட்பது மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரைப் பற்றியதாக இருக்காது. “வயலோரத்து மண்ணில் நைட்ரேட் இருப்பது சகஜம்தானே? வெடிக்காத இடத்து மண்ணை எடுத்தீர்களா? அந்தப் பொட்டலம் எங்கே?”

அதற்கு அவர் ஒரு நம்பரைச் சொல்லி, சீல் உடையாத ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்துக் காட்ட வேண்டும்.